பதினோரு நாள் தரிசு

"பதினோரு நாளா கிருஷ்ணசாமி நெலம் தரிசா கெடக்குது. இன்னைக்கே அவர குழுவுலேர்ந்து எடுத்துடணும்" என்றாள் லினெட்.

நெல்லித்தோப்பு டீக்கடையில் எதிரே உட்கார்ந்திருந்த கமலக்கண்ணன் கடிக்கப்போன வடையைக் கீழே வைத்தார். அந்த உழவர் குழுவுக்கு அவள் தலைவி, அவர் துணைத் தலைவர். ஒரே ஒரு ஆள் விதைக்காமல் விட்டாலும் குழுவுக்கு வரவேண்டிய டிராக்டர் வராது.

"பாவம்மா, பெரியவரு. ஒடம்பு கிடம்பு சரியில்லையோ என்னமோ."

"நான் மட்டும் சும்மாவா இருக்கேன்? பல் கிளினிக்ல டோக்கன் குடுத்துக்கிட்டே நேத்து ஒரே நாள்ல மூணு போகம் எடுத்தேன்!"

கமலக்கண்ணன் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "சரி, எடுக்கறதுன்னா நேர்ல போயி சொல்லிட்டு எடுப்போம். அதான் மரியாத."

இருவரும் ஸ்கூட்டரில் பாகூருக்குக் கிளம்பினார்கள். ஆறு மாதமாக ஒரே குழுவில் இருந்தும் அவரை அவர்கள் நேரில் பார்த்ததில்லை; போனில் பேசியதோடு சரி. ஊருக்குள் விசாரித்ததும் ஏரிப் பக்கம் கைகாட்டினார்கள்.

முழங்கால் வரை சேற்றோடு வரப்பேறி வந்தார் கிருஷ்ணசாமி. அவருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, நான்தான் லினெட். பதினோரு நாளா நீங்க ஒரு வெதகூட போடல."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "தப்புதாம்மா. நாத்து முத்திப்போச்சு, நடவுக்கு ஆளு கெடைக்கல. அலஞ்ச அலைச்சல்ல இத மறந்தே பூட்டேன்."

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, வரப்பில் கிடந்த சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். அதில் விவசாய விளையாட்டைத் திறந்தார். திரையில் அவருடைய வயல் வெடித்துக் கிடந்தது.

"எடுத்துடாதம்மா. இந்த கேம்லதான் எனக்கு மழ தப்பாம பெய்யுது. வெளஞ்சதையும் சொன்ன வெலைக்கு எடுத்துக்கறாங்க."

லினெட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் குழுவில் மற்றவர்கள் அவளை நம்பியிருந்தார்கள். தன் போனை எடுத்து அவர் பெயரை நீக்கினாள். சேறு அப்பிய அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாகச் சொன்னாள்:

"மனசுல வெச்சுக்காதீங்க ஐயா, விவசாயம் எல்லாருக்கும் வந்துடுமா என்ன?"