ஐஸ்கிரீம் டப்பா

டெர்ரி தலையில் ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு வந்தான். டப்பாவின் பின்பக்கம் இரண்டு பெரிய கண்களை வரைந்திருந்தான். செப்டம்பரில் மேக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவை கூடு கட்டிவிட்டால், போவோர் வருவோரைப் பின்னாலிருந்து பாய்ந்து கொத்தும்; அதனால் அந்தத் தெருவில் எல்லோர் தலையிலும் இதுதான். கண்ணைப் பார்த்தால் பறவை கொத்தாதாம்.

“உன் மரத்து மேக்பை என் காதைக் கிழிச்சிடுச்சு, நொரீன்!”

“கண்ணைக் கோணலா வரைஞ்சா அது எப்படிப் பயப்படும்?” நொரீன் கோழிகளுக்குத் தீனி இறைத்துக்கொண்டே கேட்டாள்.

“சிரிக்காதே. நேத்து பருந்து என் அஞ்சாவது கோழியையும் தூக்கிட்டுப் போயிடுச்சு. இன்னும் ரெண்டுதான் மிச்சம். சுடலாம்னா சட்டம் விடாது.”

“சுடுவியா? அதுக்கும் கூட்டுல குஞ்சு இருக்கும்ல?”

“அப்ப நான் என்ன பண்ண? மினுக்கத்துக்குப் பயப்படும்னு பழைய சிடியெல்லாம் தொங்கவிட்டும் பார்த்தாச்சு. உன் கோழி மட்டும் வலைகூட இல்லாம மேயுது. ஒண்ணுகூடக் குறையலையே, எப்படி?”

நொரீன் மேலே கை காட்டினாள். வானத்தில் பருந்து ஒன்று வட்டமிட்டது. மரத்திலிருந்து இரண்டு மேக்பைகள் கத்திக்கொண்டே பாய்ந்தன. பருந்தை ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை துரத்திவிட்டுத்தான் திரும்பின.

“போன வருஷம்வரைக்கும் உன் கோழிக்கும் இதுங்கதான் காவல். கொத்துதுன்னு உன் வாசல் யூக்கலிப்டஸ் மரத்தை வெட்டினியே டெர்ரி, அதுல இருந்த ஜோடிதான் இங்க வந்துடுச்சு.”

டெர்ரி டப்பாவைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். வெறுந்தலையோடு தன் வீட்டை நோக்கி மெதுவாக நடந்தான். ஒரு மேக்பையாவது தன்னைத் துரத்திக்கொண்டு வராதா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.