ஷூவில் செம்மண்

பல் டாக்டர் தினமும் காலையில் வீட்டு ஹாலில் டிரெட்மில்லில் ஓடுவார். ஏன் ஓடுகிறார் என்பதை நோயாளிகள் வாயைப் பிளந்து படுத்திருக்கும்போது விளக்குவார். மறுத்துப் பேச அவர்களுக்கு வழியில்லை. "நான் என்னைத் தேடி ஓடறேன்."

"ஹால்லதானே இருக்கீங்க, இதுல தேடறதுக்கு என்ன இருக்கு?" என்பாள் மனைவி.

ஒருநாள் ஓடி இறங்கியபோது அவர் ஷூவில் செம்மண் ஒட்டியிருந்தது. மறுநாள் ஈரப் புல். வீடு எட்டாவது மாடியில். டாக்டர் வாசலைத் தாண்டவே இல்லை.

"எங்க போயிட்டு வர்றீங்க?"

முதல்முறையாக அவர் பிரசங்கம் செய்யாமல் பதில் சொன்னார். "தெரியலம்மா. அங்க யாருக்கும் என்னைத் தெரியாது. அது நல்லா இருக்கு."

"அப்போ நான்?"

அவர் ஷூவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

இன்று காலை அவள் டீயோடு வந்தபோது டிரெட்மில் ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் யாருமில்லை. காலடிச் சத்தம் மட்டும் சீராகக் கேட்டது. சுவிட்சுக்குப் போன கையை அவள் இழுத்துக்கொண்டாள். நிறுத்திவிட்டால் அவர் எந்த வழியாகத் திரும்பி வருவார்?

பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"போதும், வாங்க. டீ ஆறுது."

திரையில் வேகத்தின் எண் மெல்ல ஏறத் தொடங்கியது.