லூயி ராஜாவின் மணல்மேடு

ஆற்றங்கரை ஆமைக்கு அநியாயம் நடந்துவிட்டது. வருஷா வருஷம் அவள் முட்டையிடும் மணல்மேட்டில், கப்பலில் வந்தவர்கள் ஒரு மரக்கம்பத்தை நட்டு, ஆற்றுக்கும் கரைக்கும் தங்கள் லூயி ராஜாவின் பெயரைச் சூட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

வயிறு நிறைய முட்டையோடு மூச்சு வாங்க ஏறி வந்தவளைக் கம்பம் தடுத்தது. "நில்! இது ராஜாவின் மணல். முட்டையிட வேண்டுமென்றால் அவரிடம் அனுமதி வாங்கி வா."

"எங்க இருக்கார் அவர்?"

"கடலுக்கு அந்தப் பக்கம், பிரான்சு தேசத்து அரண்மனையில்."

"நான் போய்ச் சேர்றதுக்குள்ள முட்டையெல்லாம் வழியிலேயே கொட்டிடுமே! இந்த ஆத்துல ஒரு தடவையாவது கால் நனைச்சிருக்காரா?"

"பார்த்ததே இல்லை. பார்க்காமலே பெயர் வைப்பதுதான் ராஜ லட்சணம்!"

பக்கத்தில் நின்ற கொக்கு மெல்லக் குனிந்தது. "எதுக்கு வம்பு, ஆமையக்கா? நான் நேத்தே லூயிக் கொக்கா மாறிட்டேன். ஒரு கும்பிடு போட்டுட்டு வேற இடம் பாரு."

ஆமைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு இடமெல்லாம் சேறு, முட்டை அழுகிவிடும்.

கம்பம் விடவில்லை. "சாதாரண ராஜா என்று நினைத்தாயா? லூயி என்ற பெயரில் அவர் பதினான்காவது! அப்பா லூயி, மகன் லூயி, பேரனும் லூயி!"

ஆமை கம்பத்தின் காலடியிலேயே மணலைத் தோண்ட ஆரம்பித்தாள். கம்பம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே அலறியது: "ஏய், என்ன செய்கிறாய்?"

"முட்டை போடறேன். பெத்த பிள்ளைக்கே புதுசா ஒரு பேர் யோசிக்கத் துப்பில்லாத குடும்பம், எங்க ஆத்துக்குப் பேர் வைக்க வந்துடுச்சாக்கும்!"