படத்துக்கு முன்னால்

லூர்துபிரகாஷ் காலையில் எழுந்ததும் முகம் கழுவி, திருஇருதயப் படத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றி முழங்காலிடுவார். முடிவில் படத்தின் சட்டத்தை முன்னும் பின்னும் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

"நம்ம புள்ள ஆஷ்லினுக்கு நாளைக்குள்ள காலேஜ் ஃபீஸ் கட்டலன்னா சீட்டு போயிடுங்க" என்றாள் மனைவி பிலோமினா.

"கையில சல்லிக்காசு இல்ல. பணத்த நம்பாதடி, ஆண்டவர நம்பு."

மறுநாள் காலையும் முழங்காலிட்டார். சட்டத்தைத் தடவியதும் முகம் வெளிறியது. படத்தைக் கழற்றித் திருப்பினார். பின்பக்கம் அவர் ஒட்டி வைத்திருந்த தங்கக் காசுப் பொட்டலத்தைக் காணோம்.

"பிலோமி! இந்தப் படத்த யார் தொட்டது?"

"நான்தான். நேத்தே ஃபீஸ் கட்டியாச்சுங்க."

"ஏதுடி பணம்?"

"நீங்க சொன்னாப்புல ஆண்டவரயே நம்பி, படத்த இறக்கித் தொடச்சேன். பாவம், முதுகுக்குப் பின்னால வச்சிருந்தத எடுத்துக் குடுத்துட்டாரு."