எந்தப் பக்கத்துப் பிள்ளை

எங்கள் ஊரிலிருந்து ஆஸ்பத்திரி மூன்று கிலோமீட்டர்தான். அதற்குள் தமிழ்நாடும் புதுச்சேரியும் ஏழு முறை மாறி மாறி வரும். இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடித்துப் பிடித்துப் பங்குபோட்ட வயல்கள். அவர்கள் கப்பலேறி நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் கோடு மட்டும் இங்கேயே கிடக்கிறது.

டிரைவர் இல்லாத ஆம்புலன்ஸ் ஒவ்வொரு கோட்டிலும் நின்று அனுமதி கேட்டது. ஐந்தாவது கோட்டின் மேலேயே அது காத்து நின்றபோது என் மனைவி கோமளவல்லிக்குப் பிரசவமாகிவிட்டது. பிள்ளையின் தலை தமிழ்நாட்டில், கால் புதுச்சேரியில். வண்டி இரண்டு பக்கமும் தனித்தனியாக ஒரு பிறப்பைப் பதிந்துவிட்டது.

இரண்டு வருஷமாக, "இன்னொரு குழந்தை எங்கே?" என்று போலீஸ் வரைக்கும் கேட்டாயிற்று. ஒன்றுதான் பெற்றோம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

இன்று பதிவு அலுவலகத்துப் பெண் ஒரு வழி சொன்னாள். "அண்ணே, பதிஞ்ச பிறப்ப அழிக்க முடியாது. ஒண்ணுக்கு இறப்புச் சான்றிதழ் போட்டுட்டா பிரச்சன தீந்துடும். எந்தப் பக்கத்துப் பிள்ளைக்குன்னு மட்டும் சொல்லுங்க."

கோமளவல்லி மடியிலிருந்தவனை இறுக்கிக்கொண்டு கேட்டாள்:

"தலைய வச்சிக்கவா, கால வச்சிக்கவா? அதையும் நீயே சொல்லிடும்மா."