மாமனார் எடுத்த படங்கள்

"ஏங்க, உங்கப்பா என் வேலைக்கே உலை வச்சுடுவாரு போலிருக்கே!"

மருமகள் போட்ட சத்தத்தில், அன்று வார விடுமுறை என்று தாமதமாக எழுந்த கணவன் வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தான்.

அவள் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி பதவி காலி. அதைக் கேட்பவர்கள் வேலையில் கவனத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசி, பத்து மணிக்குள் வீடியோ அனுப்ப வேண்டும். லீவு போட்டுவிட்டுப் பேசியும் முடித்தாள். பிரமாதமாகவே பேசினாள். ஏற்றப் போனால், போன் படங்களையெல்லாம் இணையத்தில் சேமித்து வைக்கிற கிளவுட் இடமில்லை என்று கையை விரிக்கிறது. மணி ஒன்பதரை.

வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே கணக்கு. யார் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால், மாமனார் போனிலிருந்து இரண்டாயிரத்து நூறு படங்கள்!

கேஸ் அடுப்பு, கேஸ் அடுப்பு. இஸ்திரிப் பெட்டி, இஸ்திரிப் பெட்டி. தண்ணீர்க் குழாய், தண்ணீர்க் குழாய்.

"ரெண்டு ரெண்டா வேற! பெத்த புள்ள மூஞ்சி ஒண்ணாவது இருக்கா பாரு," என்றான் கணவன்.

"குழாய்க்குப் பொறந்தநாள் கொண்டாடலை, அதுதான் பாக்கி."

மாமனார் தயங்கியபடி வந்து நின்றார். ஆலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"போனோட நின்னுடும்னு நெனச்சேன்மா. அது மேல போய் உக்காந்துக்கும்னு எனக்கென்ன தெரியும்? எல்லாத்தையும் அழிச்சுடு."

"எதுக்கு மாமா இதையெல்லாம் எடுத்தீங்க?"

"பழைய வேலை புத்தி. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு எடுத்தே பழகிட்டேன். நீ பாக்காமலே அழிச்சுடும்மா."

பார்க்காதே என்றால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? ஒரு படத்தைத் திறந்தாள்.

பாத்திரமே இல்லாமல் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. காலை ஒன்பது பத்து. அடுத்த படத்தில் அணைந்திருந்தது. ஒன்பது பதினொன்று.

இஸ்திரிப் பெட்டியில் சிவப்பு விளக்கு. அடுத்ததில் பிளக்கைப் பிடுங்கியாயிற்று.

ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுகிற கணவனுக்கு இதெல்லாம் புதுச் செய்தி. தாம்தூம் என்று குதித்தான்.

"அப்பா! தெனமும் இப்படியா மறந்து தொலைப்பீங்க? வீடு பத்திக்கிட்டா என்ன ஆகும்? இனிமே சமையல்கட்டுப் பக்கம் உங்களைப் பாக்கக் கூடாது!"

"வயசாயிடுச்சில்லடா," என்று தலையைக் குனிந்துகொண்ட மாமனார், மருமகள் வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டி எல்லாவற்றையும் அழித்துவிட்டார். "நேரமாகுது. அனுப்பும்மா."

இப்போது தாராளமாக இடமிருந்தது. அவளுக்குத்தான் விரல் எழவில்லை.

மூன்று வருஷமாகத் தினமும் ஒன்பது மணிக்கு அரக்கப்பரக்க பஸ்ஸுக்கு ஓடுகிறவள் அவள்தான். மாமனாருக்கோ அடுப்பை அணைக்க மட்டும்தான் தெரியும், பற்றவைக்க இன்றுவரை தெரியாது.