ஷூவுக்குள் ஒரு மெத்தை

1982ஆம் ஆண்டுத் திருவிழா. சிங்கப்பூரில் ஒரு மாதா கோயில் முற்றத்தில் மாலை வெயில் மஞ்சளாக விழுகிறது. மணி அடிக்கவும், மாதாவின் சப்பரத்துக்குத் தோள் கொடுக்கக் குனிகிறார் சவரிராஜ். ஜூரோங் கப்பல் பட்டறையில் விழுந்து முறிந்த அவருடைய இடது கால் கொஞ்சம் குட்டையாகச் சேர்ந்துவிட்டது. போன வருஷம் அவர் தூக்கியபோது சப்பரம் ஒரு பக்கமாகச் சரிய, மெழுகுவர்த்திகள் கவிழ்ந்தன. இன்று அவருடைய இடது ஷூவுக்குள் தடித்த மெத்தை ஒன்று இருக்கிறது. சோபா பேக்டரியில் வேலை செய்யும் அவர் மனைவி பிரிஜட், குப்பைக்குப் போகவிருந்த ஸ்பாஞ்சுத் துணுக்குகளை அள்ளிவந்து, பசை கலந்து, அம்மிக்கல்லுக்கு அடியில் வைத்து இறுக்கி, அவர் பாதத்தின் அளவுக்கு வெட்டியது. முதலில் செய்த இரண்டும் நடந்த வேகத்திலேயே அமுங்கிப்போயின. இது தாங்குமா? சப்பரம் எழும்புகிறது. எல்லாரும் மாதாவைப் பார்க்க, பிரிஜட் மட்டும் கணவரின் குதிகாலைப் பார்க்கிறாள். பாரம் முழுவதும் இறங்குகிறது. குதிகால் அமுங்கவில்லை. ஓர் அடி, இன்னோர் அடி. மேலே மெழுகுவர்த்திகள் அசையாமல் நிற்கின்றன. பின்கம்பைச் சுமக்கும் ஆம்ப்ரோஸ் கத்துகிறார்: "அண்ணே, நேரா போகுது லா!" பேண்டு வாத்தியம் முழங்குகிறது. பிரிஜட்டின் முக்காடு நழுவித் தோளில் கிடக்கிறது, அவளுக்குத் தெரியவில்லை. திருப்பத்தில் ஒருவர் தோள் மாற்ற ஓடிவருகிறார். வியர்வை வழியும் முகத்தோடு சவரிராஜ் சிரிக்கிறார். "தள்ளிப் போப்பா. சுத்தி வந்து கோயில் வாசல் சேருற வரைக்கும் நான்தான் தூக்குவேன்."